ஓட்டத்திலிருந்து சைக்கிளுக்கு: டைம் ட்ரையல், 200 கி.மீ. பிரெவே, கிரிட்டீரியம் மூன்றுக்கும் எப்படித் தயாராவது?

சாலையோடி (கேள்வி)

வணக்கம். பல வருட சாலை ஓட்டத்துக்குப் பிறகு சைக்கிளுக்கு மாறி மூன்று மாதம் ஆகிறது. காரணம் குதிகால் தசைநாண் தொந்தரவு. விவரங்கள்:

எடை 65 கிலோ. ஓட்டத்தில் 10 கி.மீ. 42 நிமிடம், அரை மாரத்தான் 1 மணி 34 நிமிடம். ரோடு பைக், முன்னால் 50/34 பல், பின்னால் 11–28 பல், டயர் 28 மி.மீ. பவர் மீட்டர் உண்டு. 20 நிமிட டெஸ்ட்டில் சராசரி 190 வாட் வந்தது. அதில் 95 சதவீதம் எடுத்து எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் உச்ச சராசரி வாட்) 180 என்று வைத்திருக்கிறேன். வாரத்துக்கு 8 மணி நேரம் ஒதுக்க முடியும். கையில் 24 வாரம் இருக்கிறது.

இலக்கு மூன்று: சமதரையில் 40 கி.மீ. டைம் ட்ரையல் (கடிகாரத்துக்கு எதிராகத் தனியாக ஓட்டுவது), 200 கி.மீ. பிரெவே (கால வரம்புக்குள் முடிக்கவேண்டிய நெடும்பயணம்), கடைசியாக ஒரு கிரிட்டீரியம் (சிறிய சுற்றில் பலமுறை சுற்றும் கூட்டப் பந்தயம்).

புரியாதவை: ஓட்டத்தில் த்ரெஷோல்டில் (ஒரு மணி நேரம் போலத் தாங்கும் கடின வேகத்தில்) இதயத்துடிப்பு 172 இருக்கும். சைக்கிளில் 150-ஐ எட்டும்போதே தொடை எரிந்து நின்றுவிடுகிறது, மூச்சோ சாதாரணமாகவே இருக்கிறது. 8 சதவீத மேட்டில் கேடன்ஸ் (நிமிடத்துக்குப் பெடல் சுற்று) 65-க்கு விழுந்துவிடுகிறது. இரண்டு மணி நேரம் தாண்டினால் விரல்கள் மரத்துப்போகின்றன. எந்த நிகழ்வை முதலில் வைப்பது, பயிற்சியை எப்படிப் பிரிப்பது?

---

பின்சக்கரம்

நிகழ்வுகளுக்குப் போவதற்கு முன் நீங்கள் கடைசியில் சொன்ன மூன்று தொந்தரவுகளையும் தீர்த்துவிடுங்கள். அவை தீராமல் எந்தப் பயிற்சித் திட்டமும் வேலை செய்யாது.

முதலில் தொடை எரிச்சல். ஓடும்போது குதிகால் தசைநாணும் கெண்டைக்கால் தசையும் ஸ்பிரிங் போல இழுபட்டு, வாங்கிய சக்தியில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகின்றன. பெடலில் அப்படி எதுவும் திரும்பி வராது. ஒவ்வொரு சுற்றையும் தொடையும் பிட்டமும் சுருங்கித் தள்ளியே ஆகவேண்டும். உங்கள் இதயமும் நுரையீரலும் பல வருடம் முன்னால் நிற்கின்றன, தொடைத் தசை மூன்று மாதக் குழந்தை. அதனால்தான் மூச்சு வாங்குவதற்கு முன்பே கால் கைவிடுகிறது. உடம்பு எடையைத் தாங்க வேண்டியதில்லை என்பதாலும், இயங்கும் தசை குறைவு என்பதாலும், பெரும்பாலானோருக்குச் சைக்கிளில் இதயத்துடிப்பு ஓட்டத்தைவிட 5 முதல் 10 வரை குறைவாகவே இருக்கும். ஓட்டத்தின் 172-ஐ வைத்து சைக்கிள் ஜோன் (பயிற்சித் தீவிர வரம்பு) போடாதீர்கள். போட்டால் எளிதான நாட்களெல்லாம் கடினமான நாட்களாகிவிடும்.

அந்த 190 வாட்டைப் பற்றி ஒரு சந்தேகம். 95 சதவீதக் கணக்குக்கு, 20 நிமிடத்துக்கு முன்னால் 5 நிமிடம் முழு மூச்சாக ஓட்டி, பத்து நிமிடம் இளைப்பாறிவிட்டுத் தொடங்கவேண்டும். அந்த 5 நிமிடத்தை விட்டுவிட்டு எடுத்த டெஸ்ட் என்றால் 180 சற்று அதிகமான மதிப்பு. 172–175 என்று வைத்துத் தொடங்கி, ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதியுங்கள். தொடை பழகப் பழக முதல் சில மாதங்களில் எண் வேகமாக ஏறும். பழைய எண்ணிலேயே இருந்தால் பயிற்சி லேசாகிப்போகும்.

இரண்டாவது, மேடு. இது உங்கள் கால் பலவீனம் இல்லை, கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) பிரச்சினை. சைக்கிளோடு மொத்த எடை 75 கிலோ, 180 வாட், 8 சதவீத ஏற்றம் என்றால் வேகம் மணிக்குச் சுமார் 10 கி.மீ.தான் வரும். 34-க்கு 28 கியரில் அந்த வேகத்துக்குக் கேடன்ஸ் 66. நீங்கள் பார்த்த எண் அதுதான். 34-க்கு 34 போட்டால் அதே வேகத்தில் 80 கிடைக்கும். நிமிடத்துக்கு 180 காலடி எடுத்து ஓடியவருக்கு ஒரு காலுக்கு 90 என்ற தாளம் ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது, கியர்தான் அதைத் தடுக்கிறது. 11–34 வாங்குவதற்கு முன் பின்புற டிரெய்லியர் (கியர் மாற்றும் கருவி) எத்தனை பல் வரை தாங்கும் என்று பாருங்கள். குட்டைக் கூண்டு உள்ளவை பல 28 அல்லது 30-லேயே நின்றுவிடும். செயினையும் நீளமாக்க வேண்டியிருக்கும். பழைய செயினோடு பெரியதுக்குப் பெரியது கியர் போட்டால் டிரெய்லியர் முறுக்கிக்கொண்டு, அதைத் தாங்கும் ஹேங்கர் உடைந்துபோகலாம்.

மூன்றாவது, விரல் மரத்துப்போவது. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் ஓடும் நரம்பு நசுங்குகிறது. சீட் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி எடை முழுக்கக் கையில் இறங்கும். முதலில் சீட்டை மட்டமாக்குங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் 10 மி.மீ. குட்டையான ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் தண்டு). முழங்கையை மடக்கி வையுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். டயரில் 90 பிஎஸ்ஐ அடித்திருந்தால் அதையும் இறக்குங்கள். 28 மி.மீ. டியூப் டயருக்கு உங்கள் எடையில் 65-ஐ ஒட்டிய அளவே தாராளம், முன் டயரில் பின்னதைவிட இரண்டு மூன்று குறைவாக.

சீட் உயரம்: தொடையிடுக்கிலிருந்து தரை வரை வெறுங்காலில் அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6. இது கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட் மேற்பரப்பு வரையான அளவு. தொடக்கத்துக்குத்தான் இந்தக் கணக்கு. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் பெரும்பாலும் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். ஒரு தடவைக்கு 5 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள், மாற்றிய பின் இரண்டு மூன்று முறையாவது ஓட்டிப் பாருங்கள்.

உங்கள் குதிகாலுக்கென்று தனியாக ஒன்று: கிளீட்டை (ஷூவைப் பெடலோடு பூட்டும் துண்டு) குதிகால் பக்கமாகச் சில மி.மீ. பின்னே தள்ளுங்கள். நெம்புகோல் குறைவதால் தசைநாண் மீதான இழுப்பும் குறையும். சீட் அதிக உயரத்தில் இருந்தால் கால் நுனியால் எட்டி மிதிக்க நேர்ந்து அந்த ஆதாயம் போய்விடும்.

---

நெடும்பாதை

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். வரிசை: 12-ஆம் வாரம் பிரெவே, 18-ஆம் வாரம் டைம் ட்ரையல், 24-ஆம் வாரம் கிரிட்டீரியம். நீண்ட மெதுவான உழைப்பு முதலில், கூர்மை கடைசியில். கூர்மை சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். அதை முன்னால் வைத்தால் பிரெவே தயாரிப்பின்போது கரைந்துவிடும்.

பிரெவேயைப் பந்தயமாகப் பார்க்காதீர்கள். அதில் முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. 200 கி.மீ.க்குக் கால வரம்பு 13 மணி 30 நிமிடம். நின்ற நேரமும் சேர்த்து மணிக்கு 15 கி.மீ.க்கும் குறைவான சராசரி போதும். (300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1200 கி.மீ.க்கு 90 மணி. இதெல்லாம் பிறகு மனதில் ஆசை எழும்போது.) எஃப்டிபியில் 60–65 சதவீதம், அதாவது உங்களுக்கு 108 முதல் 117 வாட்டில், காற்றில்லாத சமதரையில் மணிக்கு 25–26 கி.மீ. போகலாம். எட்டு மணி நேரத்தில் தூரம் முடிந்துவிடும், ஐந்தரை மணி நேரம் உபரி.

அப்படியானால் ஓட்டக்காரர்கள் எங்கே தடுமாறுகிறார்கள்? மூன்று இடம். முதல் 60 கி.மீ.யில் ஒரு வேகமான குழுவோடு ஒட்டிக்கொண்டு 80 சதவீதத்தில் போவது. அரை மாரத்தானில் பழகிய இதயம் அதைத் தாங்கும், ஐந்தாவது மணி நேரத்தில் தொடை தாங்காது. அடுத்தது, சீட்டில் உட்காரும் எலும்பு, கழுத்து, முதுகு. இவை நேரத்தால் மட்டுமே பழகும், இன்டர்வலால் (இடைவெளி விட்டுச் செய்யும் சிறு கடின உழைப்புகளால்) பழகாது. மூன்றாவது, சாப்பாடு.

சாப்பாட்டைக் கணக்காகவே பாருங்கள். 110 வாட்டில் 8 மணி நேரம் என்றால் ஏறக்குறைய 3,200 கிலோஜூல் வேலை. மனித உடம்பின் திறன் நாலில் ஒரு பங்கு அல்லது சற்றுக் குறைவு என்பதால், செலவாகும் கிலோகலோரியும் கிட்டத்தட்ட அதே எண்தான். தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் சுமார் 400–500 கிராம், அதாவது 2,000 கிலோகலோரிக்குள். கொழுப்பும் பங்கு தரும், ஆனால் வாய் வழியாக எதுவும் போகாமல் இந்தக் கணக்கு தீராது. முதல் அரை மணி நேரத்திலேயே தொடங்கி மணிக்கு 60 கிராம் கார்போஹைட்ரேட். பசிக்கட்டும் என்று காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். ஓடும்போது வயிறு குலுங்கும், சாப்பிட முடியாது. சைக்கிளில் குலுக்கல் குறைவு என்பதால் குடல் இன்னும் அதிகம் ஏற்கும். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்து எடுத்தால் 90 கிராம் வரை போகலாம், ஆனால் அதற்குப் பல வாரம் பழக்க வேண்டும். தண்ணீர் மணிக்கு 500–750 மி.லி., வெயிலில் இன்னும் கூடுதல், உப்பும் சேர்த்து.

நீளப் பயணங்கள்: 80, 100, 120, பிறகு ஒரு வாரம் 80-க்கு இறக்கம், அப்புறம் 130, 150. 150 வசதியாக முடிந்தால் 200 முடியும், பயிற்சியிலேயே முழுத் தூரம் ஓட்ட அவசியமில்லை. கடைசி 150-ஐ நிகழ்வில் எடுத்துப் போகும் அத்தனை சுமையோடும் ஓட்டுங்கள்: இரண்டு டியூப், டயர் லீவர், பம்ப், மல்ட்டிடூல், செயின் இணைப்பு ஒன்று, முன்பின் விளக்குகள், ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி. கட்டுப்பாட்டு நிலையங்களுக்கு (வழியில் வருகையைப் பதியும் இடங்கள்) வெளியே உதவி வாங்கக் கூடாது, எல்லாம் உங்களிடமே இருக்க வேண்டும். ஒவ்வொரு நிலையமும் மூடும் நேரத்தை ஒரு காகிதத்தில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிவிடுங்கள்.

டைம் ட்ரையலில் கதை வேறு. அங்கே எதிரி காற்று. 200 வாட் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். சாதாரணமாக பிரேக் பிடியில் கைவைத்து ஓட்டினால் மணிக்குச் சுமார் 33 கி.மீ., 40 கி.மீ.க்கு 72 நிமிடம். ஏரோபாரில் முன்கையை ஊன்றித் தலையைத் தாழ்த்தினால் அதே 200 வாட்டுக்குச் சுமார் 37 கி.மீ., 65 நிமிடம். ஒரு வாட்கூட அதிகம் உழைக்காமல் ஏழு நிமிடம். இந்த ஏழு நிமிடத்தைக் காலால் சம்பாதிக்க வேண்டுமென்றால் எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று யோசியுங்கள்.

ஆனால் அந்தக் குனிவில் இடுப்பு மடிந்து பிட்டத் தசை வேலை செய்ய இடமில்லாமல் போகும், முதலில் 10–20 வாட் குறைவது சகஜம். அதனால் குனிந்த நிலையிலேயே தனியாக டெஸ்ட் எடுத்து, அந்த எண்ணை வைத்தே டைம் ட்ரையல் பயிற்சியைத் திட்டமிடுங்கள். 3 முறை 10 நிமிடம், பிறகு 3 முறை 12, 3 முறை 15, கடைசியில் 2 முறை 20. எல்லாம் எஃப்டிபியில் 95–100 சதவீதம், இடையில் 5 நிமிட ஓய்வு. வாரத்துக்கு ஒன்று போதும். இன்னொரு நாள் 5 முறை 4 நிமிடம், 108–112 சதவீதம், இடையில் 4 நிமிடம்.

நிகழ்வன்று முதல் மூன்று நிமிடம் இதயத்துடிப்பு பின்தங்கியே இருக்கும், எல்லாம் சுலபமாகத் தெரியும். அந்த நேரத்தில் இலக்குக்கு 5 சதவீதம் கீழேயே இருங்கள். எதிர்க்காற்றில் இலக்கைவிடச் சற்று மேலே, பின்காற்றில் சற்றுக் கீழே. ஓட்டத்தில் கைவந்த பேஸிங் (வேகத்தை அளந்து செலவிடும்) பொறுமை உங்களுக்குப் பெரிய சொத்தாக அமையும் இடம் இதுதான்.

---

வளைவு

வரிசை சரி. ஆனால் கூர்மையை முழுக்கக் கடைசி ஆறு வாரத்துக்கு ஒதுக்கிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நீண்ட தூர ஓட்டக்காரருக்கு இல்லாதது தாங்குதிறன் இல்லை, வெடிப்பு. 10 விநாடி முழு பலத்தோடு மிதிக்க நரம்பும் தசையும் பழக மாதங்கள் ஆகும். முதல் வாரத்திலிருந்தே வாரத்துக்கு ஒரு நாள், எளிதான பயணத்தின் நடுவே 6 முறை 10 விநாடி ஸ்பிரின்ட் போடுங்கள், இடையில் 4–5 நிமிடம் முழு ஓய்வு. மொத்தமே ஒரு நிமிட உழைப்பு, பிரெவே தயாரிப்பைத் தொந்தரவு செய்யாது.

கிரிட்டீரியம் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். 1 கி.மீ. சுற்றில் நான்கு வளைவு, 40 சுற்று என்றால் 160 வளைவு. ஒவ்வொன்றிலிருந்தும் வெளியே வரும்போது ஐந்து முதல் எட்டு விநாடி எஃப்டிபியைப் போல இரண்டு மூன்று மடங்கு மிதிக்க நேரும். சராசரி வாட் பார்த்தால் டைம் ட்ரையலைவிடக் குறைவாகவே இருக்கும், இருந்தாலும் அதில் வலுவானவர் இதில் பத்தாவது சுற்றில் கழன்றுகொள்வதுண்டு. விட்டுவிட்டு வரும் உதைகளைத் தாங்கி உடனே மீள்வதுதான் இங்கே தகுதி.

அதற்கான பயிற்சி: 30 விநாடி 120 சதவீதம், 15 விநாடி லேசாக, இப்படி 10 நிமிடம் தொடர்ந்து. 5 நிமிட ஓய்வுக்குப் பிறகு மறுபடி. இரண்டு செட்டில் தொடங்கி மூன்றுக்கு வாருங்கள். இன்னொரு நாள் 20 நிமிடம் 85 சதவீதத்தில் ஓட்டிக்கொண்டே, நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 8 விநாடி உதைத்துவிட்டு மறுபடி அதே 85-க்குத் திரும்புவது. ஓய்வு என்று வாட்டைக் கீழே விட்டுவிட்டால் பயன் பாதி போய்விடும்.

பயிற்சியைவிட முக்கியம் கூட்டத்தில் ஓட்டும் திறன், ஓட்டப் பந்தயம் இதைக் கொஞ்சமும் கற்றுத்தருவதில்லை. மூன்றாவது வாரத்திலிருந்தே குழுப் பயணத்துக்குப் போங்கள். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு ஒரு மீட்டர் இடைவெளியில் தொடங்கி, பழகியபின் அரை மீட்டர். உங்கள் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்தின் பக்கவாட்டில் நுழையவே கூடாது. அவர் கொஞ்சம் விலகினால் சக்கரங்கள் உரசும், விழுவது பெரும்பாலும் பின்னால் இருப்பவர். கண் அவர் சக்கரத்தில் இல்லாமல் தோளுக்கு மேலே தூரத்தில் இருக்கட்டும்.

வளைவில் பிரேக்கை உள்ளே நுழைவதற்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள். கை தாழ்ந்த பிடியில், வெளிப்பக்கப் பெடல் கீழே, அதன்மேல் எடை, பார்வை வெளியேறும் இடத்தில். உள்ளே பிரேக் பிடித்தால் சைக்கிள் நிமிர்ந்து வெளிப்பக்கம் ஓடும், பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்துத் தள்ளும். கூட்டத்தின் முன் மூன்றில் ஒரு பங்கில் இருங்கள். வால் பகுதியில் இருப்பவர் ஒவ்வொரு வளைவிலும் கிட்டத்தட்ட நின்று, பிறகு விரட்டிப் பிடிக்க வேண்டும். முன்னால் இருப்பவர் 400 வாட் கொடுக்கும் இடத்தில் கடைசி ஆள் 600 கொடுப்பார்.

முதல் 8 வாரத்தை இப்படிப் பிரியுங்கள், 8 மணி நேரத்தைச் சற்றே தாண்டும்: ஜோன் 2-வில் (எஃப்டிபியில் 56–75 சதவீதம்) ஒன்றேகால் மணி நேரம் ஒருமுறை (ஸ்பிரின்ட் அதற்குள்), ஒன்றரை மணி நேரம் ஒருமுறை, வார இறுதியில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம். இன்னொரு நாள் ஒரு மணி நேரத்தில் டார்க் (முறுக்குவிசை) பயிற்சி: மேட்டில் 5 முறை 5 நிமிடம், 85–90 சதவீதம், வேண்டுமென்றே கனமான கியரில் கேடன்ஸ் 55–60. தொடை பலத்துக்கு இது நேரான மருந்து. சீட் உயரம் செட்டான பிறகே, மூன்றாம் வாரத்திலிருந்து, 3 முறையில் தொடங்குங்கள். முழங்கால் முன்பக்கம் முணுமுணுத்தால் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். அதோடு இரண்டு முறை அரை மணி நேரம் ஸ்குவாட், டெட்லிஃப்ட், ஒற்றைக்கால் ஏற்றம்.

எடைப் பயிற்சியை விடவே கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் எலும்பு. சைக்கிளில் எலும்புக்கு அடி விழாது. ஓட்டத்தை அறவே விட்டு வருடக்கணக்கில் சைக்கிள் மட்டும் ஓட்டினால் எலும்பு அடர்த்தி குறையலாம், முதுகெலும்பிலும் இடுப்பிலும் குறிப்பாக. குதிகால் குணமானதும் வாரத்தில் இரண்டு சிறிய ஓட்டத்தைத் திரும்பச் சேருங்கள், 10 நிமிடத்திலிருந்து. அப்போது நுரையீரல் ஒரு மணி நேரம் ஓடலாம் என்று சொல்லும், ஓய்வில் இருந்த தசைநாண் அதற்குத் தயாராக இருக்காது.

---

சாலையோடி

மிகவும் நன்றி. சீட் மூக்கு உண்மையிலேயே கீழே சாய்ந்துதான் இருந்தது, மட்டமாக்கிவிட்டேன். டெஸ்ட்டில் அந்த 5 நிமிடத்தையும் செய்யவில்லை. இரண்டு கேள்வி மிச்சம். ஜோன் 2 எனக்கு மிகவும் சுலபமாகத் தெரிகிறது, ஏதாவது பயன் இருக்கிறதா? இன்டர்வல்களை வீட்டில் டிரெய்னரில் (சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்கும் கருவி) செய்யலாமா?

---

பின்சக்கரம்

ஓடும்போது கால் ஒருபோதும் ஓய்வெடுப்பதில்லை, சைக்கிளில் இறக்கத்திலும் சிக்னலிலும் மிதிக்காமலேயே நேரம் போகும். மூன்று மணி நேரப் பயணத்தில் அரை மணி நேரம் வாட் பூஜ்யமாக இருந்தால் அது இரண்டரை மணி நேரப் பயணம்தான். சுலபமாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். மிதிக்காத நேரம் எவ்வளவு என்று பதிவில் பாருங்கள். பிறகு அளவுகோல் ஒன்று: நீண்ட பயணத்தின் முதல் பாதியிலும் இரண்டாம் பாதியிலும் சராசரி வாட்டை இதயத்துடிப்பால் வகுங்கள். அதே வாட்டுக்குத் துடிப்பு 5 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் அந்த நீளத்துக்கு நீங்கள் இன்னும் பழகவில்லை. 5-க்குள் இருந்தால் நேரத்தைக் கூட்டுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். 56–75 சதவீதம் என்ற வரம்பில் நீங்கள் 70-ஐ ஒட்டி இருக்கலாம்.

டிரெய்னர் தாராளமாக. நல்ல மின்விசிறி ஒன்றாவது முகத்துக்கும் மார்புக்கும் நேராக வையுங்கள். காற்று இல்லாவிட்டால் உடல் சூடேறி, அதே வாட்டுக்குத் துடிப்பு பத்துக்கு மேல் எகிறும், கடைசி இன்டர்வல்கள் உடையும். டிரெய்னர் காட்டும் வாட்டும் உங்கள் மீட்டர் காட்டுவதும் சில வாட் வேறுபடும், இரண்டில் ஒன்றை மட்டும் நம்பி எல்லாவற்றையும் அதிலேயே பதியுங்கள். டைம் ட்ரையல் இன்டர்வலைக் குனிந்த நிலையிலேயே செய்யுங்கள்.

---

நெடும்பாதை

கடைசி வாரங்களைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. பிரெவேக்கு முன் கடைசி நீளப் பயணம் இரண்டு வாரம் முன்பே முடிய வேண்டும், கடைசி வாரத்தில் மொத்த நேரம் பாதி. டைம் ட்ரையலுக்கும் கிரிட்டீரியத்துக்கும் நேரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தாலும் தீவிரத்தை விடாதீர்கள். இரண்டு நாள் முன்னால் 3 முறை 3 நிமிடம் பந்தய வேகத்தில் ஓட்டினால் கால் தூங்காது. பிரெவே முடிந்த அடுத்த வாரம் ஜோன் 1 (ஜோன் 2-ஐவிட லேசானது) மட்டும், இன்டர்வல் கிடையாது. ஓட்டத்தைப் போல உடம்பு நொறுங்கியது தெரியாது என்பதால் நாலாவது நாளே கனமாக ஓட்டத் தோன்றும், அப்போதுதான் பதினைந்து நாள் சோர்வு பிடித்துக்கொள்கிறது.

எந்த நிகழ்வானாலும் அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் புது சீட், புது கிளீட், புது ஷூ எதுவும் வேண்டாம். செயின், டயர், பிரேக் பேட் தேய்ந்திருந்தால் அதற்கும் முன்பே மாற்றி, குறைந்தது 100 கி.மீ. ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.